இன்ஜெக்டரைக் கழற்றும் முன்

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1973-இல் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக், கம்ப்யூட்டரின் துணையில்லாமலே இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து கொடுத்தது. முதல் கோல்ஃப் ஜிடிஐ, மெர்சிடிஸ் 280 இ, வால்வோ 240, ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் வந்த டெலோரியன் எல்லாம் இந்த அமைப்பில் ஓடியவை. பல ஆண்டுகள் ஷெட்டில் கிடந்த இத்தகைய காரை ஓட வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இன்ஜெக்டரில். கிளீனிங் தேவைதான், தொடங்கும் இடம்தான் தவறு.

காற்று நுழையும் வழியில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. காற்றின் அளவுக்கேற்ப அது நகர்ந்து, நெம்புகோல் மூலம் ஒரு பிளஞ்சரைத் தூக்கும். அப்போது திறக்கும் மெல்லிய பிளவுகள் வழியே, ஏறத்தாழ 5 பார் அழுத்தத்தில் வரும் பெட்ரோல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போகும். அந்தப் பிளவுகளின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. துருத்துகளோ பழைய பெட்ரோலின் பிசினோ சிறிது சேர்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

சுத்தம் செய்ய மூன்று வழிகள் உண்டு. டேங்கில் ஊற்றும் கிளீனர் மலிவானது. ஓடிக்கொண்டிருக்கும் காரில் லேசான படிவை அது கரைக்கும். நெடுநாள் நின்ற காரிலோ டேங்கின் அடியில் கிடக்கும் கசடையும் கிளப்பிவிடும். இறுகிப்போன பிளஞ்சரை அதனால் விடுவிக்க முடியாமலும் போகலாம்.

அல்ட்ராசோனிக் கிளீனிங் இதைவிட நம்பகமானது. எல்-ஜெட்ரானிக் போன்ற பிற அமைப்புகளின் மின்சார இன்ஜெக்டர்களைத் திறந்து மூடியபடியே சுத்தம் செய்து, முன்னும் பின்னும் பாய்ச்சலை அளந்து காட்டலாம். கே-ஜெட்ரானிக் இன்ஜெக்டருக்கு மின் இணைப்பே கிடையாது. சுமார் 3.5 பார் அழுத்தம் வந்தால்தான் அதன் ஸ்பிரிங் திறக்கும். அழுத்தமில்லாமல் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் வெளிப்புறம் பளபளக்கும், உள் வால்வு மூடியே கிடக்கும். தளர்ந்த ஸ்பிரிங்கை எந்தக் கிளீனிங்கும் மீட்காது; இன்ஜெக்டரை மாற்றியே ஆகவேண்டும்.

மூன்றாவது வழி, பெட்ரோலைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரையே பிரிப்பது. துருவேறியதைக் காப்பாற்றக்கூடிய வழி இது. ஆபத்தும் இதில்தான் அதிகம். பிளஞ்சரும் அதன் உறையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. ஒரு கீறல் விழுந்தாலும் பாகம் வீண். சோதனை மேசை உள்ள பட்டறையிடம் விடுவதே நல்லது.

இவற்றில் எது தேவை என்பதை ஓர் எளிய சோதனை சொல்லிவிடும். இன்ஜெக்டர்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஓர் அளவுக் குப்பியை வைத்து, பம்பை ஓடவிட்டு, தகட்டைக் கையால் நகர்த்தவேண்டும். தீப்பொறி அண்டாத, காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்யலாம். ஒரு குப்பியில் அளவு குறைந்தால், அந்த இன்ஜெக்டரை வேறொரு குழாயில் மாட்டிப் பார்க்கலாம். குறை கூடவே போனால் கோளாறு இன்ஜெக்டரில். பழைய குழாயிலேயே நின்றால் டிஸ்டிரிபியூட்டர் பக்கம்.

இதற்கெல்லாம் முன்னால் டேங்க் வருகிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் இரும்பு டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். 10 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல் ஜெர்மனியில் 2011-லும் பிரிட்டனில் 2021-லும் வந்துவிட்டதால், அங்கே நெடுநாள் நிறுத்திவைக்கும் கார்களுக்கு இந்தக் கவலை கூடியிருக்கிறது. டேங்கைக் கழுவி, ஃபில்டரையும் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றி, பிரஷர் கேஜில் அழுத்தத்தைப் பார்த்து, காற்றுக் கசிவை அடைத்த பிறகே இன்ஜெக்டர் கிளீனிங்குக்குப் பணம் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. அதுவரை காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்குரூவை யாரும் திருகாமல் இருக்கட்டும்.