பயந்த மனிதனின் நடை

வெஸ்டர்ன் படத்தின் நாயகன் பயப்படமாட்டான். பயந்தாலும் வெளியே காட்டமாட்டான். 1952இல் ஃப்ரெட் ஸின்னமன் இயக்கிய ‘ஹை நூன்’ படத்தில் கேரி கூப்பர் அந்த வழக்கத்தை உடைத்தார். முகத்திலும் தோளிலும் நடையிலும் பயம் தெரிய, கடைசிவரை நம் மரியாதையை இழக்காத ஒரு மார்ஷலாக அவர் வாழ்ந்து காட்டினார். அந்த வகைப் படங்களில் இதற்கு இணையாக வேறொரு நடிப்பை என்னால் சொல்ல முடியவில்லை.

கதை சிறியது. ஹேட்லிவில் என்ற ஊரின் மார்ஷல் வில் கேன் காலையில் கல்யாணம் முடித்து, பதவியையும் துறந்துவிட்டு ஊரைவிட்டுப் புறப்படுகிறார். அவர் சிறைக்கு அனுப்பிய ஃப்ராங்க் மில்லர் பகல் 12 மணி ரயிலில் பழிதீர்க்க வருகிறான். அவனுடைய ஆட்கள் மூவர் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். சுமார் 85 நிமிடப் படம், கதைக்குள் ஓடும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊருக்கே திரும்பிவிடும் கேன் அந்த நேரத்தில் பெரும்பகுதியைத் துணைக்கு ஆள் தேடியே கழிக்கிறார்.

ஆகவே இந்தப் படத்தின் நாயகனுக்குத் துப்பாக்கி எடுக்கும் வேலை குறைவு, அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் வேலை அதிகம். கூப்பரின் மேதைமை அங்கேதான் இருக்கிறது. தேவாலயக் காட்சியைப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஹெண்டர்சன் எழுந்து கேனைப் புகழத் தொடங்குகிறார். இவரைப் போல ஒரு மார்ஷல் கிடைத்ததில்லை என்கிறார். ஆதரவு வரப்போகிறது என்று நாமும் நிமிர்ந்து உட்காருகிறோம். பேச்சு மெல்லத் திரும்பி, நீங்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதே எல்லோருக்கும் நல்லது என்று முடிகிறது. அந்த நேரம் முழுக்கக் கூப்பரின் முகத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. கண்களில் இருந்த எதிர்பார்ப்பு மட்டும் வடிந்துபோகிறது. நன்றி என்று ஒரு சொல், பிறகு வாசலை நோக்கி நடை. வசனத்தால் எட்டு வரிகளில் சொல்லக்கூடிய அவமானம் அந்தத் திரும்புதலில் இருக்கிறது.

படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 50. மனைவியாக நடித்த கிரேஸ் கெல்லிக்கு 21. வயிற்றுப்புண்ணும் முதுகுவலியும் கூப்பரை வாட்டிக்கொண்டிருந்தன. ஒளிப்பதிவாளர் ஃப்ளாய்ட் கிராஸ்பி, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் மேத்யூ பிரேடி எடுத்த புகைப்படங்களின் சாயலை விரும்பி, முகத்துக்கு அழகு சேர்க்கும் ஒளியைத் தவிர்த்தார். வெளுத்த வானத்தின் கீழ் கூப்பரின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. உடல்நோவுதான் நடிப்பாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோவு யாருக்கும் வரும். அதை எந்த இடத்தில் எவ்வளவு வெளியே விடுவது என்பது நடிகனின் தீர்மானம்.

முடிதிருத்தும் கடைக் காட்சி அதற்குச் சான்று. குதிரை லாயத்தில் உதவி மார்ஷலோடு அடிதடி முடிந்து, முகத்தைக் கழுவிக்கொள்ள அங்கே வருகிறார். பின்கட்டில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. சவப்பெட்டி தயாராகிறது. கடைக்காரர் பதறிப்போய் அதை நிறுத்தச் சொல்கிறார். கேனுக்குப் புரிந்துவிடுகிறது. கிளம்பும்போது, உங்கள் ஆளை வேலையைத் தொடரச் சொல்லலாம் என்கிறார். வேறொரு நடிகர் இதைப் பஞ்ச் வசனமாக்கியிருப்பார். கூப்பர் அதைக் களைத்துப்போன ஒருவரின் சாதாரண மரியாதையாகச் சொல்கிறார். அதனால்தான் நமக்குக் குலை நடுங்குகிறது.

பிறகு, வருகிறேன் என்று சொல்லியிருந்த ஒரே ஆளும் பின்வாங்கியதும், ஆளில்லாத அலுவலகத்தில் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார். அன்றைய ஹாலிவுட்டில் அவ்வளவு பெரிய நட்சத்திரம் இதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

துப்பாக்கிச் சண்டை எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குச் சற்று முன், கேமரா உயரே எழும்பி வெறிச்சோடிய தெருவில் அவரைத் தனியாகக் காட்டும்போதே நடிப்பின் உச்சம் வந்துவிடுகிறது. பயந்துபோன ஒரு மனிதராகத்தான் அவர் அங்கே நிற்கிறார்.

கூப்பருக்கு இந்தப் படம் இரண்டாவது ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. விழாவில் அவர் சார்பில் விருதை வாங்கியவர் ஜான் வெய்ன். அதே வெய்ன் பின்னாளில் இந்தப் படத்தைக் கடுமையாக வெறுத்துப் பேசினார். ஒரு நல்ல ஷெரீஃப் உதவி கேட்டு ஊர் முழுக்க அலையமாட்டான் என்பது இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸின் கட்சி. இருவரும் சேர்ந்து 1959இல் ‘ரியோ பிராவோ’வைப் பதிலாகத் தந்தார்கள். அது அருமையான படம்தான். ஆனால் அதில் வெய்னுக்குத் தோள்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு கதவு மூடப்பட்டபின் அடுத்த கதவுவரை ஒரு மனிதன் எப்படி நடந்துபோவான் என்பதை அவர் நடித்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை. கூப்பருக்கு அந்த நடைதான் முழுப் படமும்.