கூத்துப் புத்தாக்கமும் அதன் தலைமையும்: தண்ணீரூற்றிலிருந்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு பற்றி எழுதுவோர் 1960களைக் கூத்தின் 'புத்துயிர்ப்புக் காலம்' என அழைப்பது வழக்காகிவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அதனையடுத்து 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை' என நான்கு தயாரிப்புகள் மேடையேறின. இவற்றின் கலைத்தரம் பற்றி இன்று பெரிதும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் 'புத்துயிர்ப்பு' என்னும் சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. உயிர் நீங்கிய ஒன்றுக்கே புத்துயிர் வேண்டும். பேராதனை மாணவர் சதங்கை கட்டிய அதே காலத்தில், வன்னியிலே, தண்ணீரூற்று, முள்ளியவளைக் கிராமங்களை உள்ளடக்கிய வட்டாரத்திற் கோவலன் கூத்து எவருடைய புத்துயிரையும் எதிர்பாராது ஆடப்பட்டு வந்தது. கூத்து இறந்திருந்தது என்றால் அது யாருக்கு இறந்திருந்தது என்று கேட்க வேண்டும். ஆங்கிலக் கல்வி பெற்ற நகரத்து மத்தியதர வகுப்பினர் அதனைப் 'பாமரர் கலை' என ஒதுக்கியிருந்தனர். வித்தியானந்தன் உயிர்ப்பித்தது அவ்வகுப்பினரின் கண்களையேயன்றிக் கூத்தினையன்று.

இவ்வாறு கூறுவது அவரது சாதனையைக் குறைப்பதாகாது. அச்சாதனை எத்தகையது என்பதைத் திருத்தமாக வரையறுக்கவே இது உதவும். அவர் அண்ணாவியாரல்லர். அவரது ஆற்றல் ஒழுங்கமைப்பாளனின் ஆற்றல். ஒரு நிறுவனத்தினுள் நின்றுகொண்டு புதுமையொன்றைத் தொடக்கி வழிநடத்துவது எவ்வாறு என்பதற்கு நமது கலையுலகில் அவரைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. அப்புதுமை எவ்விடத்தில் நிலைபெறாது நின்றது என்பதற்கும் அவரே எடுத்துக்காட்டாகின்றார்.

1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகம என்னும் கிராமிய வடிவத்தை அவர் அதற்கு அடிப்படையாகக் கொண்டார். அந்நாடகம மரபோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. அதே பல்கலைக்கழகத்தில் அதனை அருகிருந்து கண்ட தமிழ்ப் பேராசிரியர், மூல மரபு தம்மவரிடமிருக்கக் கைகட்டி நிற்பதோ என எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் எண்ணம் வேறு, செயல் வேறு. 1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைமை அவரிடம் வந்தது. ஒரு குழுத்தலைவர் ஆண்டுக்கிருமுறை கூட்டங்கூட்டி, அறிக்கை எழுதிக் காலத்தைக் கழித்துவிடலாம். அவ்வாறு கழித்தோர் நம்மிடையே பலர். வித்தியானந்தனோ அண்ணாவிமார் மாநாடுகளைக் கூட்டினார், பாடசாலைகளுக்குக் கூத்தைக் கொண்டு சென்றார், ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்தவற்றை அச்சேற்றினார். 'அலங்காரரூபன் நாடகம்', 'என்றீக் எம்பரதோர் நாடகம்', 'மூவிராசர் வாசகப்பா', 'ஞானசவுந்தரி நாடகம்' என்பன அவ்வாறு வெளிவந்தவை. அரசின் குழு, பல்கலைக்கழக மாணவர், கிராமத்து அண்ணாவியார் என்னும் மூன்று தரப்பாருக்கும் இடையே முன்பு ஒரு தொடர்பும் இருந்ததில்லை. அம்மூன்றையும் ஒரு நூலிற் கோத்ததே அவர் செய்த முதற்புதுமை. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்துப் பட்டதாரி மாணவருக்கு ஆசிரியராக்கியது அக்காலச் சூழலிற் சிறிய காரியமன்று.

மேடையில் நிகழ்ந்த மாற்றங்கள் யாவரும் அறிந்தவை. விடிய விடிய வட்டக்களரியில் நிகழ்ந்த ஆட்டம் படச்சட்ட மேடைக்கேற்ப இரண்டு மணி நேர அளவுக்குச் சுருங்கிற்று. மீளமீள வரும் பாடல்கள் குறைந்தன. பாத்திரத்தின் உணர்ச்சி முரண்பாடு முன்னுக்கு வந்தது. இவற்றுள் மிகவும் துணிவானது 'இராவணேசன்' எனலாம். 'கர்ணன் போர்' பழைய பிரதியைச் செப்பனிட்டது. 'இராவணேசன்' பிரதியோ மாணவராயிருந்த சி. மௌனகுருவாற் கூத்து வடிவிற் புதிதாக எழுதப்பட்டது. மட்டக்களப்பு மண்ணிற் கூத்தைப் பார்த்து வளர்ந்த இளைஞரொருவரிடம் பிரதியையும் முதன்மைப் பாத்திரத்தையும் ஒப்படைத்த பேராசிரியரின் துணிவைத் தனியே விதந்து கூறவேண்டும். தமக்குக் கீழுள்ளோர் தம்மிலும் நன்கு அறிவர் என ஒப்புக்கொள்ளும் தலைமை பல்கலைக்கழகங்களில் மலிந்து கிடப்பதன்று.

இனிக் குறையை நோக்குவோம். மாணவர் குழு மூன்று நான்கு ஆண்டுகளிற் கலைந்து போவது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் புதியோரைத் தேடி, கால் பிடித்து, தாளம் ஊட்டி, முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. தலைவர் இருக்கும்வரை இது நடந்தது. 'வாலி வதை'க்குப் பின் அவ்வரிசை அதே வேகத்தில் நீளவில்லை. பின்னர் அவர் யாழ்ப்பாணம் சென்று, 1979 முதல் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பெரும்பொறுப்பேற்றார். ஜேர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், தனிமனிதரின் ஈர்ப்பினால் எழும் அதிகாரம் நாள்வழக்காக மாறினாலன்றி அவரோடு மறையும் என்றார். பேராதனையில் அவ்வழக்கு உருவாகவில்லை. கூத்தைக் கற்பிக்கும் நிலையான பதவியோ, அண்ணாவியாருக்கு ஊதியத்துடன் கூடிய இடமோ அங்கு அமைக்கப்படவில்லை. அவர் அழைக்கப்பட்டார், போற்றப்பட்டார், ஊருக்குத் திரும்பினார்.

புதுமை பேராதனைக்கு வெளியே வேறு கைகளில் வளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1969இல் 'சங்காரம்' சமூக ஒடுக்குமுறையைக் கூத்தின் ஆட்டத்தாற் காட்டிற்று. ஆலயப் பிரவேசப் போராட்டச் சூழலில் 'கந்தன் கருணை' எழுந்தது. 1978இற் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். மௌனகுரு பிற்காலத்திற் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 'இராவணேசனை' மீண்டும் உருவாக்கினார். தாய் நிறுவனத்திற் பட்ட செடி வேலிக்கப்பாற் கிளைத்தது எனலாம்.

ஆனால் இக்கிளைகளுள் ஒன்றேனும் தண்ணீரூற்றை எட்டிற்றா? இவ்வினாவுக்கு விடை காண, அங்கு கூத்தைத் தாங்கும் அமைப்பு எத்தகையது என முதலில் அறிதல் வேண்டும். முல்லைத்தீவு, மாங்குளம் வீதியிலே முள்ளியவளையோடு ஒட்டிக் கிடப்பது தண்ணீரூற்று. பெயருக்கேற்ப ஊற்றுகளையுடையது. ஊற்றங்கரைப் பிள்ளையார் அவ்வூருக்குப் பெயர் சொல்லும் கோயில். இவ்வட்டாரம் முழுவதனையும் ஆண்டுதோறும் ஒருங்கிணைப்பது வற்றாப்பளைக் கண்ணகையம்மன் வைகாசிப் பொங்கல். பாக்குத்தெண்டலோடு கருமங்கள் தொடங்கும். அடுத்துச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பர். முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில் அவ்வுப்பு நீரில் விளக்கேற்றுவர். அங்கு பொங்கி, மறுநாள் வற்றாப்பளையிற் பொங்குவர். எவர் எதனைச் செய்வது என்பது எழுதப்பட்ட யாப்பு எதுவுமின்றியே வரையறுக்கப்பட்டுள்ளது. தலைவர் மாறுவர், முறை மாறாது. கண்ணகி கதையைப் பாடும் கோவலன் கூத்து இவ்வழிபாட்டுலகின் பிள்ளை. அது 'தயாரிக்கப்படுவது' அன்று, நேர்த்தியோடும் கடப்பாட்டோடும் ஆடப்படுவது. தந்தையின் ஆட்டத்தை மகன் காண்கிறான், மகனின் பிழையை ஊரே திருத்துகின்றது. வெபர் கேட்ட நாள்வழக்கு இங்கு முன்னரே உண்டு.

அதன்பொருட்டு இக்கிராம அமைப்பினை மாசற்றதெனப் புகழ்தலும் தகாது. பெண் வேடத்தையும் ஆணே தாங்கிய களரி அது. யார் எவ்வேடம் கட்டலாம் என்பதிற் சாதியும் உறவும் குறுக்கிட்டன. தீவட்டி போய்ப் பெற்றோமாக்ஸ் வந்தது, பின் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. இவை மெல்லப் புகுந்த மாற்றங்கள், எவரும் தலைமை தாங்கிப் புகுத்தியவையல்ல. கதையையோ, கதையைச் சொல்வோர் யார் என்பதையோ அவை தொடவில்லை. நீடிக்கும் ஆற்றல் கிராமத்திடமும் மாற்றும் துணிவு பல்கலைக்கழகத்திடமும் பிரிந்து கிடந்தன. வித்தியானந்தன் அவ்விரண்டையும் சந்திக்க வைத்தார். ஆயின் சந்திப்பு நிகழ்ந்த இடம் எப்போதும் பல்கலைக்கழக மேடையே. களரிக்கு எதுவும் திரும்பிச் செல்லவில்லை. மேலே குறித்த நான்கு பதிப்புகளும் மட்டக்களப்பையும் மன்னாரையும் சார்ந்தவை, முல்லைத்தீவு வட்டாரத்துக்குரியது அவற்றுள் ஒன்றில்லை என்பதும் இங்கு கருதத்தக்கது.

வன்னி தன் கைம்முதலைக் கொண்டே சில காரியங்கள் செய்தது. முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி, 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனை நாயகனாக்கி 1960களில் நாடகம் எழுதினார். கண்ணகியின் மதுரையைப் பாடிய ஊருக்குத் தன் காட்டு வரலாறும் மேடைக்குரியதே என அந்நாடகம் உணர்த்திற்று. பின்னாளில் அருணா செல்லத்துரை வன்னிக் கூத்துகளைத் தேடித் தொகுக்க முனைந்தார். நாடக வரலாற்று நூல்கள் இவர்களுக்குச் சில வரிகளுக்கு மேல் ஒதுக்காமை, புதுமை மையத்திலிருந்தே புறப்படும் என்ற பழைய நம்பிக்கையின் விளைவாகும்.

இந்நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்திய முயற்சி கிழக்கிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் முதலானோர் மட்டக்களப்புச் சீலாமுனையிற் கூத்து மீளுருவாக்கத்தை மேற்கொண்டனர். அங்கு கூத்து பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆய்வாளரே களரிக்குச் சென்றனர். அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் ஊராரும் கதையையும் பாத்திர வார்ப்பையும், பெண்களும் சாதியும் சித்திரிக்கப்படும் முறையையும் தம்முட் பேசி மாற்றினர். இம்முறை மெதுவானது. நகரத்து அவையோரை வியக்கவைக்கும் மேடைச் செம்மையை அதில் எதிர்பார்ப்பதற்கில்லை. 'இராவணேசன்' தந்த அழகு அதற்கு வாய்க்காது போகலாம். ஆயினும் மாற்றியோரே அதனை அடுத்த ஆண்டும் ஆடுவர் என்ற ஒன்று அதிலுண்டு. வித்தியானந்தன் முறைக்கு மாற்றாக இதனைக் கொள்வதிலும், அவர் பாதியில் விட்ட பணியின் மறுபாதியாகக் கொள்வதே பொருந்தும்.

2008, 2009ஆம் ஆண்டுகளின் போரிலே தண்ணீரூற்றும் முள்ளியவளையும் ஆளற்ற ஊர்களாயின. மக்கள் முகாம்களிலிருந்து படிப்படியாகத் திரும்பியபோது கூரைகளுக்கும் கிணறுகளுக்கும் முன்பாகவோ அவற்றோடு கூடவோ மீண்டது வைகாசிப் பொங்கல். எந்தக் கலைக்குழுவும் அதற்குத் திட்டம் வரையவில்லை. அப்பொங்கலைச் சூழ்ந்த கூத்தினை அடுத்த தலைமுறை எவ்வாறு ஆடப்போகின்றது, பள்ளியில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகப் படித்துவிட்டு வரும் முள்ளியவளைப் பெண்பிள்ளைக்கு அக்களரியில் மாதவியின் வேடமேனும் கிடைக்குமா என்பவற்றைப் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து தீர்மானிக்க இயலாது. அங்குள்ள கோயிற் பரிபாலனத்தாரும் அண்ணாவியாரும் அப்பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து பேசவேண்டிய விடயம் அது.