இரண்டாவது தம்ளர் தண்ணீர்

வியன்னாவில் காபி தனியாக வருவதில்லை. நீள்வட்டமான சின்ன வெள்ளித் தட்டு ஒன்று மேசைமேல் இறங்கும். ஒரு பக்கம் கோப்பை, ஓரத்தில் சர்க்கரை, மறுபக்கம் சிறு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், தம்ளரின் வாய்மேல் குப்புறப் படுத்த கரண்டி. கறுப்புக் கோட்டும் போ டையும் அணிந்த சர்வர் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். காபியைப் பத்து நிமிடத்தில் குடித்து முடித்துவிடலாம். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கடையின் தரம் இருக்கிறது. அரை மணி கழித்து, கேட்காமலே, காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு நிரம்பிய தம்ளரை வைத்தால் அது காபி இல்லம். பில் வந்தால் வெறும் காபிக் கடை.

சங்கீத மலர்களில் பாணிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடாந்தரம், காலப்பிரமாணம் என்று அளவுகோல் வைப்பார்கள். வியன்னாவின் காபி இல்லங்களுக்கும் அப்படிப் பாணிகள் உண்டு. பாடாந்தரம் கடைக்குக் கடை மாறும். காலப்பிரமாணம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே: நிதானமான சௌக்க காலம். 2011இல் ஆஸ்திரியா தன் மரபுரிமைகளின் தேசியப் பட்டியலில் வியன்னாவின் காபி இல்லப் பண்பாட்டைச் சேர்த்தது. யுனெஸ்கோவின் உலகப் பட்டியல் என்று சுற்றுலாக் கையேடுகள் சில சேர்த்து எழுதிவிடுகின்றன; அது வேறு, இது வேறு. எதுவானாலும், அங்கே பாதுகாக்கப்படுவது காபிப்பொடியின் பக்குவம் அல்ல. ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்தவன் அரை நாள் உட்காரலாம் என்ற எழுதாத ஒப்பந்தம்.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 1873இல், பேரரசர் முதலாம் பிரான்ஸ் யோசப் காலத்தில், ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து நகரத்துக்கு ஒரு நீர்ப்பாதை திறக்கப்பட்டது. 1910இல் இன்னொன்று வந்தது. இரண்டிலும் நீர் தன் எடையாலேயே சரிந்து ஓடி ஊர் வந்து சேர்கிறது. ஆகவே தம்ளரில் இருப்பது குழாய்த் தண்ணீர்தான். குடித்துப் பார்த்தால் ஊற்றுத் தண்ணீர். உள்ளூர்க்காரர்கள் காபியைக் குறை சொன்னாலும் தண்ணீரைக் குறை சொல்லிக் கேட்டதில்லை.

மரபு என்றால் மூலபுருஷர் வேண்டும். வியன்னாவுக்கு இரண்டு பேர். 1683இல் துருக்கியர் நகரை முற்றுகையிட்டுத் தோற்று ஓடியபோது மூட்டை மூட்டையாக ஏதோ கொட்டைகளை விட்டுப்போனார்கள் என்றும், ஊரார் அதை ஒட்டகத் தீவனம் என்று நினைத்தார்கள் என்றும், எதிரி வரிசைகளுக்குள் புகுந்து செய்தி கொண்டுபோன கோல்ஷிட்ஸ்கி என்பவர் மட்டும் விவரம் தெரிந்து அவற்றைப் பரிசாகக் கேட்டு வாங்கிக் கடை திறந்தார் என்றும் கதை. நல்ல கதை. ஆனால் ஆவணம் வேறு பெயரைச் சொல்கிறது. 1685 ஜனவரியில் காபி விற்கும் உரிமையைப் பெற்றவர் ஜொஹானஸ் தியோதாத்தோ என்ற ஆர்மீனிய வணிகர். கதை நாயகருக்கு 1885இல் வீடன் வட்டாரத்துத் தெருமுனையில் சிலை வைத்தார்கள். கையில் காபிப் பாத்திரத்தைச் சாய்த்தபடி மேலே நிற்கிறார். உரிமம் வாங்கியவருக்கு அதே வட்டாரத்தில், மிகத் தாமதமாக, ஒரு சின்னப் பூங்காவின் பெயர் கிடைத்தது. காபி விஷயத்திலும் வரலாறு இப்படித்தான் பந்தி பரிமாறுகிறது.

இடையில் நடந்த இரண்டு திருப்பங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். நெப்போலியன் 1806இல் விதித்த வணிகத் தடையால் காபிக்கொட்டை விலை எகிறியது. கடைகள் பிழைக்கச் சூடான சாப்பாடும் ஒயினும் விற்கத் தொடங்கின. இன்றும் காபி இல்லத்தில் மாட்டிறைச்சிக் குழம்பும் சாசேஜும் கிடைப்பதற்கு அந்தப் பஞ்சமே காரணம். இன்னொன்று, 1856 வரை பெண்கள் வாடிக்கையாளராக உள்ளே போக முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்திதான் விலக்கு.

முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறு, 'ஒரு காபி' என்று கேட்பது. நானும் செய்தேன், எந்தக் கடை என்பது வேண்டாம். சர்வர் புருவத்தை மட்டும் உயர்த்தி, துணிக்கடையில் 'ஒரு துணி கொடுங்கள்' என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சூடான பாலும் நுரையும் சேர்ந்தது மெலாஞ்ச். பெரும்பாலோர் குடிப்பது இதைத்தான். கறுப்புக் காபியோடு சிறு குடுவையில் க்ரீம் தனியாக வந்தால் ப்ரௌனர், அதில் சிறியதும் பெரியதும் உண்டு. வெந்நீர் விட்டு நீட்டினால் ஃபெர்லெங்கர்ட்டர். கப்பூசின் துறவிகளின் அங்கி நிறத்தில் இருப்பது கப்பூசினர். இத்தாலியரின் கப்பூச்சினோவுக்கு இது ஒருவகையில் முன்னோர். ஐன்ஷ்பென்னர்தான் எனக்குப் பிடித்தது. ஒற்றைக் குதிரை வண்டி என்று பொருள். கண்ணாடிக் குவளையில் கடுங்காபி, மேலே கனமாக அடித்த க்ரீம். வண்டிக்காரர் ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்திருப்பார். க்ரீம் மூடியிருப்பதால் காபி சூடு ஆறாது, தளும்பவும் தளும்பாது. க்ரீமைக் கலக்கக் கூடாது. குளிர்ந்த வெண்மை வழியாகச் சூடான கறுப்பு உதட்டுக்கு வர வேண்டும். பில்டர் காபியில் வளர்ந்த நாக்குக்கு மெலாஞ்ச் சாதுவாகத்தான் படும். ஐன்ஷ்பென்னர் கொஞ்சம் ஆறுதல் தரும்.

பாணிகளுக்கு வருவோம். முதலில் சொல்ல வேண்டியது எழுத்தாளர் பாணி. இதன் ஆதி பீடம் 1847இல் தொடங்கிய க்ரீன்ஷ்டைடில். இளம் எழுத்தாளர்கள் கூடித் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்ட இடம் என்பதால் 'அகம்பாவக் கஃபே' என்று பெயர் எடுத்தது. 1897இல் இடித்தார்கள். இடிப்பை ஒட்டி கார்ல் க்ராவுஸ் எழுதிய நையாண்டிக் கட்டுரை, கட்டடத்தைவிட அதிகமாக அந்த எழுத்தாளர்களைத் தரைமட்டமாக்கியது. கூட்டம் சில அடி நடந்து ஹெரன்காஸெ தெருவில் 1876இலேயே திறந்திருந்த சென்ட்ரலுக்குக் குடிபெயர்ந்தது. கவான் வளைவும் தூண்களுமாக ஒரு கோயில் மண்டபம் போன்ற கூடம். எழுத்தாளர் பீட்டர் அல்டன்பெர்க் தன் முகவரியாக இந்தக் கடையைத்தான் கொடுத்தார். தபால் அங்கேதான் வரும். இன்று வாசலருகே மீசையோடு உட்கார்ந்திருக்கும் காகிதக்கூழ் பொம்மை அவர்தான். சதுரங்க மேசைகளில் 1907 முதல் 1914 வரை நாடு கடந்து வந்த ஒரு ருஷ்யரும் ஆடிக்கொண்டிருந்தார்: லெவ் ப்ரான்ஸ்டைன், அதாவது ட்ராட்ஸ்கி. போர் வந்தால் ருஷ்யாவில் புரட்சி வெடிக்கும் என்று யாரோ எச்சரித்தபோது, யார் செய்யப்போகிறார், சென்ட்ரலில் சதுரங்கம் ஆடும் ப்ரான்ஸ்டைனா என்று ஓர் அரசியல்வாதி சிரித்ததாக ஒரு கதை உலவுகிறது.

இப்போது சென்ட்ரலின் வாசலில் வரிசை நிற்கிறது. கூடம் அழகுதான், போய்ப் பார்க்க வேண்டியதுதான். காலையில் கதவு திறக்கும் வேளையில் போங்கள். ஆனால் வெளியே ஐம்பது பேர் குளிரில் நின்று நம் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சௌக்க காலம் எங்கே நிற்கும்? எழுத்தாளர் பாணியை இன்று தேடுகிறவர்களுக்கு ப்ரொய்னர்ஹோஃப் இருக்கிறது. அலங்காரம் இல்லாத அறை, ஏராளமான செய்தித்தாள்கள், சிரிக்காத சர்வர்கள். காபி இல்லங்களை வெறுத்தாலும் போகாமல் இருக்க முடியாததைத் தன் நோயாகவே எழுதிய நாவலாசிரியர் தாமஸ் பெர்ன்ஹார்டின் இடம் இது.

இந்தப் பாணியை நினைக்கும்போது 1938ஐத் தாண்டிப் போக முடியாது. மேசைகளை நிறைத்தவர்களில் பெரும்பகுதி யூதர்கள்: எழுத்தாளர்கள், பத்திரிகைக்காரர்கள், மருத்துவர்கள், நடிகர்கள். ஹிட்லரின் படை மார்ச் மாதத்தில் உள்ளே வந்தது. சென்ட்ரலின் நெடுநாள் வாடிக்கையாளர் ஏகோன் ஃப்ரீடெல், வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்த அன்று, மார்ச் 16, ஜன்னல் வழியே குதித்து இறந்தார். சென்ட்ரலைப் பற்றி 1926இல் ஒரு கோட்பாட்டுக் கட்டுரையே எழுதிய ஆல்ஃபிரட் போல்கர் அகதியானார். மற்றவர்கள் முகாம்களுக்கும் கப்பல்களுக்கும் போனார்கள். தப்பித்து 1951இல் திரும்பிய ஃப்ரீட்ரிக் டோர்பெர்க், பின்னர் 1975இல் 'டான்டெ யோலெஷ்' என்ற நூலில் அந்த உலகத்தின் துணுக்குகளைச் சேகரித்து வைத்தார். கட்டடங்களும் மார்பிள் மேசைகளும் தப்பின. எந்த மேசை யாருடையது என்று சொல்ல ஆட்கள் இல்லை.

போருக்குப் பின் மரபுக்கு ஒரு புது வீடு கிடைத்தது, டொரோதேயர்காஸெ சந்தில். லேயோபோல்ட் ஹவெல்காவும் மனைவி யோஸஃபீனும் 1939இல் திறந்து, போரில் மூடி, 1945இல் மறுபடி திறந்த ஹவெல்கா. ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள். புகை படிந்து பழுப்பேறிய சுவர்கள், சுவர் தெரியாமல் விளம்பரத்தாள்கள், கோடு போட்ட பழைய சோபாக்கள். அம்மா யோஸஃபீன் இரவில் சுட்டுக் கொண்டுவந்தது புக்டெல்ன்: உள்ளே ப்ளம் பழ ஜாம் வைத்து, ஒன்றையொன்று நெருக்கி அடுக்கிச் சுட்ட இனிப்பு பன். அவர் 2005இல் போய்விட்டார். கணவர் 2011இல், நூறு வயதில். பன் மட்டும் இன்றும் இரவு எட்டு மணிக்குமேல்தான் வரும். தட்டு சமையலறையிலிருந்து புறப்பட்டதும் ஈஸ்டும் வெண்ணெயும் கலந்த வாசனை மேசை மேசையாக நகர்வதைத் தலைகள் திரும்புவதிலிருந்தே கண்டுகொள்ளலாம். மேலே தூவிய சர்க்கரைப் பொடி கறுப்புக் கோட்டில் ஒட்டினால் போகாது. ஜாம் நாக்கைச் சுடும், அவசரப்படாதீர்கள்.

கட்டடப் பாணி என்று ஒன்றைப் பிரிக்கலாம். கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 1899இல் வடிவமைத்த கஃபே மியூசியம் அலங்காரத்தை அடியோடு கைவிட்டதால் 'சூன்யவாதக் கஃபே' என்று கேலி வாங்கியது. நாற்காலிகளைக்கூட அவரே வரைந்தார். பிற்காலத்தில் உள்ளே மாற்றினார்கள், பழையபடி ஆக்கினார்கள், திரும்பவும் மாற்றினார்கள். லோஸைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஸ்டூபன்ரிங்கில் உள்ள ப்ரூக்கெல் அதற்கு நேர்மாறு: 1950களில் ஓஸ்வால்ட் ஹேர்ட்ல் அமைத்த உள்ளலங்காரத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. 1880இல் தொடங்கிய ஷ்பெர்லில் பில்லியர்ட்ஸ் மேசைகள் இருக்கின்றன. ஆட்டம் இல்லாத வேளையில் செய்தித்தாள்களை அவற்றின்மேல்தான் பரப்பி வைப்பார்கள். 'பிஃபோர் சன்ரைஸ்' படத்தில் வரும் இடம் என்று இளைஞர்கள் தேடி வருகிறார்கள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் ஷ்பெர்லைத்தான் சொல்வேன்.

இனிப்புக்கடைப் பாணி கிளை மரபு. அங்கே காபி பக்கவாத்தியம், கேக்தான் பாட்டு. டேமெல் 1786இலிருந்து இருக்கும் அரண்மனை மிட்டாய்க்கடை. கறுப்புடைப் பெண்கள் வாடிக்கையாளரை நீங்கள் என்றுகூடச் சொல்லாமல், 'தேர்ந்தெடுத்தாயிற்றா?' என்று படர்க்கையில் கேட்பது இதன் பழைய வழக்கம். ஸாகர் ஹோட்டலோடு இதற்கு நீண்ட வழக்கு. 1832இல் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் சமையலறையில் பிரான்ஸ் ஸாகர் செய்ததாகச் சொல்லப்படும் சாக்லேட் கேக்கை 'அசல்' என்று யார் விற்கலாம் என்பது தகராறு. ஆப்ரிகாட் ஜாம் நடுவிலும் இருக்க வேண்டுமா, மேலே மட்டும் போதுமா என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். சாட்சி சொன்னவர்களில் நம் டோர்பெர்கும் ஒருவர். 1963இல் சமரசம் ஆயிற்று. 'அசல்' என்ற சொல்லும் இரண்டு அடுக்கு ஜாமும் ஸாகருக்கு. ஒற்றை அடுக்கும் முக்கோண முத்திரையும் டேமெலுக்கு. இரண்டுமே கொஞ்சம் வறட்சிதான். இனிப்பில்லாத க்ரீமை ஏன் பக்கத்தில் வைக்கிறார்கள் என்பது முதல் வாயிலேயே புரிந்துவிடும்.

புதிதாக வந்திருக்கும் கொட்டை ஆராய்ச்சிக் கடைகளில் காபி சந்தேகமில்லாமல் மேல். நாற்காலிதான் சரியில்லை.

மிச்சம் இருப்பது பேட்டைக் கடைகள். பயணிகள் வராத இவற்றில்தான் பாடாந்தரம் கலப்படமில்லாமல் இருக்கிறது. ஆறாம் வட்டாரத்தில் இரும்பு அடுப்போடு யெலினெக், பெருவீதியோரம் சீட்டாட்டக்காரர்களோடு வைடிங்கர். மூக்குக்கண்ணாடி போட்டவரையெல்லாம் 'ஹெர் டோக்டர்' என்று அழைக்கும் சர்வர் தலைமுறை இத்தகைய இடங்களில் இன்னும் மீதம் இருக்கிறது. நாம் அவரை 'ஹெர் ஓபர்' என்று கூப்பிட வேண்டும். பில் கேட்டாலும் உடனே வராது. அதுவும் மரியாதையில் சேர்த்தி.

அப்படி ஓர் இடத்தில் ஒரு மழைநாள் பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். வளைத்த மரச்சட்டத்தில் மாட்டிய செய்தித்தாளை எதிர்மேசைக் கிழவர் படித்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம், மரண அறிவிப்புகள், குறுக்கெழுத்து, மறுபடி மரண அறிவிப்புகள். நான் அந்தத் தாளையே பார்த்திருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். மூன்றாவது தம்ளர் தண்ணீர் எனக்கு வந்த சமயம் எழுந்து, தொப்பியை மாட்டி, சட்டத்தோடு தாளை என் மேசையில் வைத்து, தலையசைத்துவிட்டுப் போனார். எனக்கு ஜெர்மன் அரைகுறை. இருந்தாலும் விரித்து வைத்துக்கொண்டு இன்னொரு ஐன்ஷ்பென்னர் சொன்னேன்.