இப்னு ருஷ்தின் 'தவறு'

கிரேக்கச் சிந்தனை பிற்காலத்தைப் பாதித்த வரலாறு பேசப்படும்போது முஸ்லிம் அறிஞர்களுக்குப் பெரும்பாலும் தபாற்காரர் பாத்திரமே வழங்கப்படுகிறது. கிரேக்கர் எழுதினர், அரபிகள் காத்துக் கொடுத்தனர், ஐரோப்பா பெற்றுக்கொண்டது. நம்மவர்களும் இதைப் பெருமையோடு ஒப்புவிக்கின்றனர். அரிஸ்டோட்டிலின் 'கவிதையியல்' கடந்துவந்த வழியை நோக்கினால் இக்கூற்றின் போதாமை விளங்கும்.

10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் நெஸ்தோரியக் கிறிஸ்தவரான அபூ பிஷ்ர் மத்தா அந்நூலைச் சுரியானி மொழிவழி அரபுக்குக் கொணர்ந்தார். கிரேக்க அரங்கு அறியப்படாத சூழலில் துன்பியல் நாடகம் 'மதீஹ்' (புகழ்ப்பா) ஆயிற்று; இன்பியல் நாடகம் 'ஹிஜா' (வசைப்பா) ஆயிற்று. கிரேக்க மொழி அறியாத குர்துபாவின் இப்னு ருஷ்தும் (1126–1198) தமது விளக்கவுரையில் இதையே பின்பற்றினார்.

ஆர்ஜென்டீனாவின் போர்ஹேஸ் 1947இல் வெளியிட்ட 'அவெரோஸின் தேடல்' என்ற சிறுகதை இத்தடுமாற்றத்தையே கருவாகக் கொண்டது. இப்னு ருஷ்தின் வீட்டருகே சிறுவர்கள் முஅத்தினாக நடித்து விளையாடுகின்றனர். நாடகம் கண்முன்னே நிகழ்கிறது. அவரோ அதை அறியவில்லை. அற்புதமான காட்சி. கதை முடிவில், சில துணுக்குகளை மட்டும் வைத்து இப்னு ருஷ்தைப் படைக்க முயன்ற தானும் தோற்றவனே என போர்ஹேஸ் ஒப்புக்கொள்ளும் நேர்மையும் பாராட்டத்தக்கது. ஆயினும் அவர் காட்டுவது தோல்வியை மட்டுமே.

விளக்கவுரையோ வேறொன்றையும் காட்டுகிறது. எல்லாச் சமூகங்களுக்கும் அல்லது பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான விதிகளையே எடுத்துக்கொள்வதாக இப்னு ருஷ்த் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். முதனப்பி முதலான அரபுக் கவிஞர்களிடம் உதாரணம் தேடுகிறார். துயரும் அச்சமும் எழுப்பும் கதைக்கு, மகனைப் பலியிடப் பணிக்கப்பட்ட இப்றாஹீம் நபியின் வரலாற்றைச் சுட்டுகிறார். நாடக அரங்கு அவ்வுரையில் மறைந்துபோனது இழப்புத்தான். ஆனால் அரிஸ்டோட்டில் அங்கே மனனம் செய்யப்படவில்லை; பரீட்சிக்கப்பட்டார்.

இதன் பின்விளைவு சுவையானது. 1256இல் தொலேடோவில் ஜேர்மனியரான ஹெர்மன் இவ்வுரையை இலத்தீனுக்குப் பெயர்த்தார். 1278இல் மூர்பெக்கே வில்லியம் மூலநூலையே கிரேக்கத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்தும் அது பரவவில்லை. மத்தியகால ஐரோப்பா விரும்பி வாசித்தது இப்னு ருஷ்தையே. 1481இல் வெனிஸில் அச்சேறியதும் அவ்வுரையே. கவிதையைப் புகழ்தலாகவும் இகழ்தலாகவும், ஒழுக்கப் போதனையாகவும் காண்பது அவர்களுக்கும் பழக்கமானதாயிருந்தது. 'சரியான' அரிஸ்டோட்டில் காத்திருக்க, குர்துபாவின் அரிஸ்டோட்டில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பேசினார்.

தபாற்காரர் கடிதத்தைத் திருத்தி எழுதுவதில்லை. இப்னு ருஷ்த் எழுதினார். எனவே அவர் தபாற்காரரல்லர். மேலைத்தேயக் கலைச்சொற்களைக் கொண்டு நமது கிஸ்ஸாவையும் மசலாவையும் முனாஜாத்தையும் அளக்கும் நாம், அவரது பிழையைக் கண்டு சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: அச்சொற்களை நமது இலக்கியத்தைக் கொண்டு ஒருமுறையாவது அளந்து பார்த்திருக்கிறோமா?