மணற்களத்தில் ஒரு நடுவர்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கற்பனை ஆட்டத்தை நடத்துகிறவரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் கதை பின்னும் திறத்தையும், கிழவியாகவும் அரக்கனாகவும் குரல் மாற்றிப் பேசும் நடிப்பையுமே ரசிகர்கள் சிலாகிப்பது வழக்கம். அவை உயர்ந்த குணங்கள்தாம். ஆயினும், மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நாலைந்து பேரில் ஒருவர், விதிநூல் எழுதியவர் கனவிலும் கருதியிராத ஓர் உபாயத்தை மந்திரத்தின் பெயரால் முன்வைத்து, “இது செல்லுமா?” என்று கேட்டுவிட்டுப் பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டு காத்திருக்கிற அந்த அரை நிமிஷத்தில், புத்தகத்தைப் புரட்டாமலும், முகத்தில் சஞ்சலம் காட்டாமலும், கேட்டவர் மட்டுமின்றி அவரோடு மல்லுக்கு நிற்கிறவரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு தீர்ப்பை வழங்குகிற நடுவரிடந்தான் இந்தக் கலையின் உயிர்நிலை இருக்கிறது என்பது என் துணிபு.

நடுவர் பதவி ஆட்டத்தைவிடப் பழையது. 1824-இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி அரங்கேற்றிய போர் விளையாட்டில், இரு தரப்பாரின் கட்டளைகளையும் வாங்கி, அட்டவணையும் பகடையும் பார்த்து முடிவு சொல்ல ஒரு மத்தியஸ்தர் இருந்தார். அட்டவணைகளின் பாரத்தால் ஆட்டம் ஊர்ந்து செல்வதைக் கண்ட வெர்டி டு வெர்னுவா என்பவர், அவற்றை ஒதுக்கிவிட்டு அனுபவசாலியான மத்தியஸ்தரின் மதிப்பீட்டையே நம்பலாமென்று 1876-இல் எழுதினார். விதியா, மதிப்பீடா என்ற அந்த வழக்கு தீராமலே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, டேவ் ஆர்னெஸனும் கேரி கைகாக்ஸும் 1974-இல் வெளியிட்ட, இந்த ஆட்டத்தின் மூன்று சிறு புத்தகங்களுக்குள் குடிபுகுந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது, இருப்பதே நல்லது.

ஃபயர்பால் என்னும் தீக்கோள மந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1978-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்னும் விதிநூலில் கைகாக்ஸ், அந்தத் தீ ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும் என்று விதித்தார். வெட்டவெளியில் வெடித்தால் அது இருபதடி ஆரமுள்ள உருண்டை. ஆனால், பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுரங்கப் பாதையில் அதே மந்திரத்தை ஏவினால், கணக்கின்படி 330 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடியாக வேண்டும். ஓடும் நெருப்புக்கு எய்தவன் இன்னான், பகைவன் இன்னான் என்ற பேதம் ஏது? பின்வந்த பதிப்புகள் இந்தக் கன அளவைக் கைவிட்டன; 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு இருபதடி ஆரம், எட்டு அறுமுகப் பகடை, துள்ளி விலகினால் பாதிச் சேதம் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டது. சௌகரியந்தான், சந்தேகமில்லை. எனினும், கூரையின் உயரத்தைக் கேட்டுவிட்டு நடுவர் மௌனமாகப் பென்சிலை எடுக்கும்போது மந்திரவாதிகள் அடைந்த கலக்கத்தை, அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுத்த விலை என்றே கருதுகிறேன்.

சுரங்கத்திலாவது நடுவருக்கு இருளும் மூலைமுடுக்கும் துணைசெய்யும். எந்தத் தீர்ப்பையும் ஒரு தூணின் மறைவில் ஒளித்துவிடலாம். மல்லரங்கத்தில் அது நடவாது. 1991-இல் வெளிவந்த டார்க் சன் என்னும் ஆட்ட உலகத்தின் டைர் நகரத்து அரங்கைப் போன்றதொரு வட்டக் களத்தில், மேலே வானமும் கீழே மணலுமாக, எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க, இருவர் எதிரெதிரே நிற்கையில், நடுவரின் பக்ஷபாதம் இம்மியளவு சாய்ந்தாலும் அக்கணமே அம்பலமாகிவிடும். (அந்த உலகத்திலோ மந்திரவாதி சுற்றியுள்ள பசுமையின் உயிரை உறிஞ்சித்தான் மந்திரம் ஓத முடியும்; புல்லும் முளைக்காத மணலில் அவன் அதை எங்கிருந்து எடுப்பான் என்ற கேள்வி ஒன்றே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும்.)

வெப் என்னும் சிலந்திவலை மந்திரம் களத்தில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு திடமான பொருள்களுக்கிடையே கட்டப்பட வேண்டும், அல்லது தரையிலோ சுவரிலோ படிய வேண்டும். இரண்டும் இல்லையேல் வலை சுருண்டு விழுந்து, ஏவியவனின் அடுத்த முறை வரும்போது மறைந்துவிடும் என்பது 2014-ஆம் ஆண்டு விதி. அரங்கின் நடுவில் மரமில்லை, தூணில்லை. “தரையில் படியவிடுகிறேன், ஐந்தடி உயரத்துக்கு” என்கிறார் மந்திரவாதியை ஆடுபவர். சூலம் ஏந்தியவனை ஆடுபவர் உடனே, “உதிரி மணல் எதைப் பிடித்து நிறுத்தும்?” என்று மடக்குகிறார். இரண்டும் நியாயமான வாதங்கள். சாமானிய நடுவர் ஒருவரைத் தோற்கடித்துவிட்டு மேலே போவார். தேர்ந்தவரோ, வலை படியும் என்று முதலில் சொல்லி மந்திரத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறார். பிறகு, சிக்கியவன் பலங்கொண்டு திமிறினால் நூலோடு மணலும் பெயருமாதலால், அவன் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்க்கிறார். மதில்மேலிருந்து யாராவது பந்தத்தை எறிந்தால் வலை பற்றி எரியும் என்பதையும், அவ்விதம் எரியும் இடத்தில் தன் முறையைத் தொடங்குகிறவனுக்கு இரண்டு நான்முகப் பகடைச் சேதம் என்பதையும், கேட்கப்படுமுன்பே போகிறபோக்கில் ஞாபகப்படுத்தி வைக்கிறார். அடுத்த வாரம் எதிரியின் மந்திரவாதி அதே வலையை வீசும்போது அதே இரண்டு பகடை ஆட்டக்காரருக்கும் உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மறுக்க வேண்டியதை மறுப்பதும் ரசனையே. நீர் வரவழைக்கும் மந்திரத்தைப் பகைவனின் நுரையீரலுக்குள் ஏவுகிறேன் என்று கிளம்பாத புது ஆட்டக்காரர் அபூர்வம். உயிருள்ள உடலுக்குள் எதையும் தோற்றுவிக்க இயலாதென்று மூன்றாம் பதிப்பு தனியே ஒரு குறிப்பு எழுதிவைக்க நேர்ந்தது. 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்போ, திறந்த பாத்திரம் என்ற நிபந்தனையோடு நிறுத்திக்கொண்டது. வாயைப் பிளந்து நிற்கும் பகைவன் திறந்த பாத்திரமாகானா என்று கேட்பவரை, சிரித்துத்தான் அனுப்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சூக்ஷ்மம் கவுன்டர்ஸ்பெல் என்னும் மாற்று மந்திரத்தில் இருக்கிறது. அறுபதடிக்குள் ஒருவன் மந்திரம் ஓதுவதைக் கண்ணால் கண்ட மாத்திரத்தில் அதை முறிக்கலாம். ஆனால், ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் ஒரே எதிர்வினையை அதற்குச் செலவிட்டாக வேண்டும். ஓதப்படுவது இன்ன மந்திரம் என்று அறிந்துகொள்ளவும் அதே எதிர்வினை தேவை என்று 2017-இல் ஸனாதர்ஸ் கைட் என்ற நூல் தெளிவாக்கியது. ஆக, அறிந்தவன் முறிக்க முடியாது. முறிப்பவன் அறிய முடியாது. “ஃபயர்பால் ஏவுகிறான்” என்று எடுத்த எடுப்பிலேயே கொட்டிவிடும் நடுவர் இந்த அழகான இக்கட்டைப் பாழாக்குகிறார். “இடக் கை இடுப்புப் பைக்குள் போகிறது, கந்தக நெடி காற்றில் வருகிறது” என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவரே கலைஞர், தீக்கோளத்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்பதை முன்பே படித்து மனத்தில் வைத்திருக்கும் ஆட்டக்காரருக்கு அந்த நெடியே போதும்.

இதில் நடுவருக்குள்ள சங்கடம் இன்னும் பெரிது. எதிரி மந்திரவாதியை ஆடுபவரும் அவரே. ஆட்டக்காரர் உரக்கச் சொன்ன மந்திரத்தின் பெயர் அவர் காதில் விழுந்தாயிற்று. கேட்டதைக் கேளாதவர் போல் முடிவெடுப்பது மனித சுபாவத்துக்கு எளிதன்று. ஆகையால், கைதேர்ந்த நடுவர், தம் மந்திரவாதி முதலில் வரும் எந்த மந்திரத்தையும் முறிப்பவனா, காத்திருந்து முறிப்பவனா என்பதை அவனுடைய குணத்தை வைத்து முன்கூட்டியே நிச்சயித்து, ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்துவைத்துவிடுவார். அகங்காரம் பிடித்த எதிரி என்றால், ஆட்டக்காரர் ஒன்றுக்கும் உதவாத சில்லறை மந்திரம் ஒன்றைப் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு தொடங்க, அந்த எதிரி ஆத்திரப்பட்டுத் தன் ஒரே எதிர்வினையையும் அதன்மேல் வீசிவிட்டு நிற்க, பக்கத்தில் பதுங்கியிருந்த தோழி உடனே தன் முறையில் தீக்கோளத்தை எடுக்கிறாள். சூழ்ச்சி முழுவதையும் முதலிலிருந்தே அறிந்திருந்தும், சீட்டில் எழுதியபடியே அந்தப் பொறியில் தம் ஆளை இறக்கிவிட்டு, எட்டுப் பகடைகளையும் அவள் பக்கம் நகர்த்துகிறார் நடுவர்.