அரசன் பெயர் இல்லாத காசுகள்: பைசாந்திய வெண்கல நாணயங்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

பைசாந்தியப் பேரரசின் வெண்கல நாணயங்களுள் 'பெயரிலி ஃபொல்லிஸ்' எனப்படுவன, முதலாம் யோவான் சிமிஸ்கெஸின் ஆட்சியில் (969–976) தோன்றி, முதலாம் அலெக்சியஸ் 1092இல் நாணயமுறையைச் சீரமைக்கும்வரை வழங்கியவை. இவற்றிற் பேரரசனின் உருவமும் இல்லை, பெயரும் இல்லை. தொடக்ககாலக் காசின் முற்பக்கத்திற் கிறிஸ்துவின் மார்பளவு உருவமும், பிற்பக்கத்தில் 'யேசுக் கிறிஸ்து, அரசர்க்கு அரசர்' எனப் பொருள்படும் கிரேக்க வாசகமும் உள்ளன.

இதனைப் பக்தியின் வெளிப்பாடு என்று கூறி அமைந்துவிடும் விளக்கம் எமக்கு நிறைவளிப்பதாக இல்லை. அதே சிமிஸ்கெஸின் பொற்காசில் அவன் பெயர் உண்டு. கன்னி மரியாள் அவனுக்கு முடிசூட்டும் காட்சியும் உண்டு. வரியாகவும் படைச் சம்பளமாகவும் செல்லும் பொன்னில் அரசன் நிற்கிறான். சந்தையிற் காய்கறிக்கும் மீனுக்கும் கைமாறும் வெண்கலத்திலோ கிறிஸ்து மாத்திரமே ஆட்சி செய்கிறார். நிக்கெபோரஸ் போக்காஸைக் கொன்று 969 டிசெம்பரில் அரியணை ஏறியவன் சிமிஸ்கெஸ் என்பதும், அதற்காகத் திருச்சபைத் தலைவர் அவன்மீது தண்டனை விதித்தார் என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கன. ஆயினும், குற்ற உணர்வே காரணமெனின் அவனுக்குப் பின் 1025வரை ஆண்ட இரண்டாம் பசில் ஏன் தன் பெயரை வெண்கலத்திற் பொறிக்கவில்லை? தனியொருவனின் தேவை நிறுவனமாகி, ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலையாக உறுதிப்பட்டுவிட்டது என்பதே எமது கருத்து.

பெயரும் ஆண்டும் இல்லாத காசை எவ்வாறு காலவரிசைப்படுத்துவது? பழைய காசை உருக்காமல் அதன்மீதே புதிய அச்சைக் குத்தும் வழக்கம் இதற்குக் கைகொடுத்தது. எந்த வகையின்மேல் எந்த வகை குத்தப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு பெலிங்கர் 1928இலும், ஏதென்ஸ் அகோராவின் அகழ்வுக் காசுகளை ஆராய்ந்த மார்கரற் தொம்சன் 1954இலும் வரிசையை அமைத்தனர். கிரியர்சனின் 1973ஆம் ஆண்டு அட்டவணை அதனை மேலும் செப்பனிட்டது. முதல் வகையின் உட்பிரிவுகளை அறிய, ஒளிவட்டத்துச் சிலுவைக் கைகளிலும் நற்செய்தி நூலின் அட்டையிலும் உள்ள புள்ளிகளையும், வாசகத்தின் மேலும் கீழும் அமைந்த அலங்காரக் குறிகளையும் நோக்குதல் வேண்டும். மூன்றாம் வகையிற் கிறிஸ்து நின்ற நிலையிற் காணப்படுகிறார். பிற்பக்கச் சிலுவையின் நான்கு மூலைகளில் 'யேசுக் கிறிஸ்து வெல்கிறார்' என்பதன் எழுத்துக்கள் பிரிந்து கிடக்கின்றன. ஏழாம் வகையின் பிற்பக்கத்திற் கரங்களை உயர்த்தி மன்றாடும் மரியாளைக் காணலாம்.

இவ்விடத்திலேயே சேகரிப்போரின் சுவை ஆய்வின் தேவையுடன் முரண்படுகிறது. கிறிஸ்துவின் முகம் துலக்கமாகத் தெரியும் காசுக்கே சந்தையில் மதிப்பு. பழைய அச்சின் எச்சம் ஊடறுத்துத் தெரியும் காசு குறையுள்ளதாக ஒதுக்கப்படுகின்றது. களிம்பைச் சுரண்டி மெருகேற்றுவோர் அவ்வெச்சத்தையும் சேர்த்தே அழிக்கின்றனர். (குளோரைட்டினால் உண்டாகும் இளம்பச்சைத் தூள் அரிப்பு வேறு, அதற்குச் சிகிச்சை இன்றியமையாதது.) ஒரே புதையலிற் கிடைத்தவற்றைப் பிரித்து விற்கும்போது, எவ்வகைகள் ஒரே காலத்திற் புழங்கின என்னும் சான்றும் இல்லாமற் போகின்றது. பெயரற்ற மக்களின் கைகளிற் புழங்கிய காசுக்கு, கிடைத்த இடத்தின் பெயரையாவது விட்டுவைத்தல் வேண்டும். எடை, இரு பக்க அச்சுக்களின் திசை, அடியிலுள்ள பழைய எழுத்துக்கள் ஆகியவற்றைத் துப்புரவு செய்வதற்கு முன்னரே பதிவு செய்தல் தனிச் சேகரிப்பாளருக்கும் இயலாததன்று.