99.7 சதவீதம்: எதோட சதவீதம்?

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கிரகம் செய்திகளில் அடிபட்டது ஞாபகம் இருக்கும். அங்கே உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்புன்னு பலர் புரிந்துகொண்டார்கள். ஆய்வுக்கட்டுரை அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் பழியை முழுக்க செய்தியாளர்கள் தலையில் கட்டிவிடவும் முடியாது.

முதலில் அளந்தது என்னன்னு பார்ப்போம். 124 ஒளியாண்டு தொலைவில் ஒரு சிவப்புக் குள்ள விண்மீனை இந்தக் கிரகம் 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது, விண்மீன் ஒளியில் ஒரு துளி கிரகத்தின் காற்று வழியாக நம்மிடம் வருகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களை விழுங்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளப்பது அந்தக் குறைவைத்தான்.

கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, அதில் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவுக்கார மூலக்கூறு ஒன்றின் தடயம் இருப்பதாகச் சொன்னது. பூமியில் இதைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கடலில் மிதக்கும் நுண்ணுயிரிகள். 'மூன்று சிக்மா' என்பதன் பொருள், அந்தத் தடயம் தற்செயலாக வர 0.3 சதவீத வாய்ப்புதான் என்பது. உயிருக்கான வாய்ப்பு பற்றி இந்த எண் எதையும் சொல்லவில்லை.

சிக்கல் இந்த எண்ணுக்குள்ளேயே இருக்கு. அடையாள அணிவகுப்பில் நாலு பேரை நிறுத்தினால், சாட்சி அந்த நாலில் ஒருவரைத்தான் காட்டுவார். வராத ஐந்தாவது ஆள் திருடனாக இருந்தால்? லூயிஸ் வெல்பாங்க்ஸ் குழு பட்டியலை 90 மூலக்கூறுகளாக விரித்தபோது, அதே அளவுக்கோ அதைவிட நன்றாகவோ பொருந்துபவை பல கிடைத்தன. ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர், மூலக்கூறே தேவையில்லை, அந்தத் தரவுக்கு ஒரு நேர்கோடே போதும்னு காட்டினார்.

இதே கிரகத்தில் இது முதல் தடவையும் இல்லை. 2019இல் ஹபிள் தரவை வைத்து நீராவி இருப்பதாக அறிவித்தார்கள். 2023இல் வெப் பார்த்தபோது, அந்தத் தடயம் மீத்தேனுடையது என்று தெரிந்தது. ஹபிள் பார்த்த குறுகிய பட்டையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஒளியை விழுங்கும்.

இன்னொன்று: டைமெத்தில் சல்ஃபைடு 67பி வால்நட்சத்திரத்திலும் கிடைத்திருக்கு. அங்கே உயிர் இருக்குன்னு யாரும் சொல்லவில்லை. அதனால் மூலக்கூறு உறுதியானாலும் உயிர் உறுதியாகிவிடாது.

மதுசூதன் குழு எச்சரிக்கையும் சொன்னது; ஐந்து சிக்மாவை எட்ட இன்னும் 16 முதல் 24 மணி நேரம் பார்க்க வேண்டியிருக்கும் என்றது. நியாயம்தான். ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு, சூரியக் குடும்பத்துக்கு வெளியே உயிர்ச் செயல்பாட்டுக்கான இதுவரையிலான மிக வலுவான அறிகுறி என்று தலைப்பிலேயே சொன்னது. எச்சரிக்கை உள்ளே, முழக்கம் வெளியே. வாசகர் தலைப்பைத்தான் நம்புவார். இப்படியே இரண்டு மூன்று தடவை ஏமாந்தால், நிஜமான கண்டுபிடிப்பு வரும் நாளில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அடுத்த தலைப்பு வரும்போது சிக்மா எத்தனைன்னு கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: அணிவகுப்பில் எத்தனை பேரை நிறுத்தினார்கள்?